மகஜரில் சீரியல் நம்பர் இருந்ததால் திரும்பி வந்த கம்ப்யூட்டர்

தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். சென்ற ஆவணி முகூர்த்த நேரத்தில் ஒரு மாலை போலீஸ் வந்து கடையைச் சோதனை போட்டு, கம்ப்யூட்டர், மானிட்டர், கலர் பிரிண்டர், பென்டிரைவ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார்கள். எஃப்.ஐ.ஆரில் என் பெயர் கிடையாது. யாரோ ஒருவர் வருமானச் சான்றிதழில் தொகையைத் திருத்தி உதவித்தொகைக்குக் கொடுத்திருக்கிறார். சான்றிதழ் எண்ணை வைத்துச் சரிபார்த்தபோது குட்டு உடைந்துவிட்டது. எங்கே பிரிண்ட் போட்டாய் என்று கேட்டதற்கு என் கடையைக் கைகாட்டிவிட்டார்.

இதன் பிறகு அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் பலர் என்னிடம் விவரம் கேட்கிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "வாரன்ட் இல்லாமல் எப்படி உள்ளே விட்டீங்க?"

வாரன்ட் இல்லாமலும் வரலாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 185-வது பிரிவு, விசாரணை அதிகாரிக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. தாமதமானால் பொருள் கைநழுவிப் போகும் என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணத்தையும், எதைத் தேடுகிறார் என்பதையும் அவர் எழுதி வைக்க வேண்டும். அந்தப் பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். நாம் மனுப் போட்டால் மாஜிஸ்திரேட் அதன் நகலை இலவசமாகவே கொடுக்க வேண்டும். வாசலில் நின்று மறித்தால் நம் மேல்தான் தனி வழக்கு வரும். நான் மறிக்கவில்லை. எந்த வழக்கு, என்ன குற்ற எண் என்று மட்டும் கேட்டேன். எஸ்.ஐ. சொன்னார். அந்த எண்ணை வைத்து அன்று இரவே தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் எஃப்.ஐ.ஆரை இறக்கிப் படித்துவிட்டேன்.

பெண் காவலர் ஒருவரும் வந்திருந்தார். என் கைப்பையைப் பார்க்க வேண்டும் என்றபோது அவர்தான் பார்த்தார். இன்னொரு காவலர் தொடக்கம் முதல் தன் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அதே சட்டத்தின் 105-வது பிரிவின்படி இப்போது தேடுதலையும் கைப்பற்றுவதையும் பதிவு செய்தே ஆக வேண்டும். வீடியோ ஓடுகிறது என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. உள்ளூர்ச் சாட்சிகள் இரண்டு பேராவது வேண்டும் என்பதால் டீக்கடை அண்ணனையும் பக்கத்து பேன்சி ஸ்டோர்காரரையும் கூப்பிட்டார்கள். டீக்கடை அண்ணன் தயங்கினார். அவரைக் குறை சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்டால் நாளைக்குக் கோர்ட் படி ஏற வேண்டும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு.

இனி மகஜர், அதாவது கைப்பற்றிய பொருள்களைச் சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பட்டியல். இந்த விஷயத்தில் எல்லாமே இந்த ஒரு தாளைப் பொறுத்ததுதான் என்பேன். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் முதலில் எழுதியது இப்படி: "கறுப்பு நிற கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று, பிரிண்டர் ஒன்று." வாசித்துக் காட்டியதும், "சார், சீரியல் நம்பரையும் சேர்த்து எழுதுங்க" என்றேன். "எங்களுக்கு எழுதத் தெரியாதாம்மா?" என்று எஸ்.ஐ. முகம் சுளித்தார். "தெரியும் சார். இதே மாதிரி கறுப்புப் பெட்டி நாலு கடையில இருக்கு, நாளைக்கு மாறிடக் கூடாதுன்னுதான் கேட்கிறேன்" என்றேன். அவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு காவலரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் பெட்டியைத் திருப்பி, தூசியைத் துடைத்து, செல்போன் டார்ச் அடித்து ஸ்டிக்கரில் இருந்த எண்ணை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, ரைட்டர் எழுதிக்கொண்டார். பெட்டியைத் திறந்து ஹார்டு டிஸ்க் எண்ணையும் சேர்த்தார்கள். பவர் பின் சொருகும் இடம், யு.எஸ்.பி. துளைகள் எல்லாவற்றின் மீதும் தாள் ஒட்டி, சாட்சிகள் கையெழுத்துப் போட்டு சீல் வைத்தார்கள். சீல் வைத்த பிறகு யாராவது கம்ப்யூட்டரை ஆன் செய்தால் ஃபைல் தேதிகள் மாறிவிடும். கம்ப்யூட்டரோடு புழங்குகிறவளுக்கு அந்த பயம் பெரியது.

103-வது பிரிவின்படி கடைக்காரர் கூடவே இருந்து பார்க்கலாம். எடுத்த பொருள்களின் பட்டியலில் ஒரு நகல் கொடுத்தாக வேண்டும். "ஸ்டேஷனுக்கு வந்து வாங்கிக்கோங்க" என்றார்கள். எதிரிலேயே என் இன்னொரு ஜெராக்ஸ் மெஷின் நின்றது. "இங்கேயே ஒரு காப்பி போட்டுத் தரேன் சார்" என்றேன். மறுக்கவில்லை.

மறுநாள் வக்கீலைப் பார்த்தேன். தேடுதலில் ஏதாவது ஓட்டை இருந்தால் பொருளெல்லாம் தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள் என்றார். அப்படி இல்லையாம். பூரண்மல் வழக்கில் உச்ச நீதிமன்றம், தேடுதலில் முறைகேடு இருந்தாலும் அதில் கிடைத்த சான்றை அதற்காகவே ஒதுக்கிவிட முடியாது என்று சொல்லிவிட்டது. எனவே அந்த வழியில் காலத்தைக் கழிக்காமல் நேராகப் பொருளைத் திரும்பக் கேட்போம் என்றார்.

அதற்கான பிரிவு 497. (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 451.) பொருள் கோர்ட்டுக்கு வந்த 14 நாளில் மாஜிஸ்திரேட் அதன் விவர அறிக்கையைத் தயாரிக்க வேண்டும், போட்டோவும் தேவைப்பட்டால் வீடியோவும் எடுக்க வைக்க வேண்டும், அதன் பின் 30 நாளில் என்ன செய்வது என்று உத்தரவிட வேண்டும். பொருள் கோர்ட்டுக்கு வந்தால்தானே இந்தக் கணக்கு? என்னுடையது ஸ்டேஷனிலேயே கிடந்தது. மனுவைப் பார்த்த மாஜிஸ்திரேட் போலீசிடம் அறிக்கை கேட்ட பிறகுதான் பொருளைக் கோர்ட்டுக்கு அனுப்பும் போலீஸ் படிவமான படிவம் 95 போட்டு அனுப்பினார்கள். 2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில், கைப்பற்றிய பொருள்களை 15 நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை வக்கீல் மனுவிலேயே எழுதியிருந்தார். இவ்வளவு தெளிவான தீர்ப்பு இருந்தும், மனுப் போடாதவர்களின் வண்டிகள் ஸ்டேஷன் வாசலில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

அரசு வழக்கறிஞர் ஆட்சேபித்தார்: ஹார்டு டிஸ்க் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போக வேண்டும், பொருள் இவருடையதுதானா என்றும் தெரிய வேண்டும் என்றார். இரண்டாவது கேள்விக்கு, கம்ப்யூட்டர் வாங்கியபோது கொடுத்த ஜி.எஸ்.டி. பில்லை என் வக்கீல் நீட்டினார். பில்லில் இருந்த சீரியல் நம்பரும் மகஜரில் இருந்ததும் ஒன்றே. அந்த ஆட்சேபம் அதோடு முடிந்தது. முதல் ஆட்சேபம் நியாயமானது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த டிஸ்க்கில்தான் பல குடும்பங்களின் கல்யாணப் பத்திரிகை டிசைன்கள் இருந்தன. அதனால் ஆய்வகத்தில் பிரதி எடுக்கும்போது எனக்கும் என் செலவில் ஒரு பிரதி வேண்டும் என்று மனுவிலேயே கேட்டிருந்தோம்.

உத்தரவு வந்தது. டிஸ்க் தவிர மற்றதெல்லாம் என்னிடம் ஒப்படைக்கலாம். விற்கக் கூடாது, மாற்றம் செய்யக் கூடாது, கூப்பிடும்போது கோர்ட்டில் காட்ட வேண்டும் என்று நிபந்தனைகள். பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்தேன், நாத்தனார் வீட்டுக்காரர் வீட்டு வரி ரசீதோடு வந்து ஜாமீன் நின்றார். பொருளை வாங்கும்போது அங்கேயே சீல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன், எதுவும் கிழியவில்லை. எடுத்த போட்டோக்களின் பின்னால் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். விசாரணையில் பெட்டிக்குப் பதில் அந்தப் போட்டோக்களைக் காட்டினால் போதுமாம்.

அன்று மாலையே புது டிஸ்க் போட்டுக் கடையைத் திறந்துவிட்டேன். டிசைன் பிரதி ஆய்வகத்திலிருந்து வரத் தாமதமானது. அதற்குள் வந்த முகூர்த்தங்களுக்கு எல்லாவற்றையும் திரும்ப டைப் அடித்துக் கொடுத்தேன். அசல் டிஸ்க் வழக்கு முடியும்வரை கோர்ட்டில்தான் இருக்கும். அந்த வழக்கில் இப்போது நான் அரசுத் தரப்புச் சாட்சி. சம்மன் வந்திருக்கிறது.