பத்துப் பேருக்கு அதிபதி

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் 14 வருடம் ஞாயிறு பள்ளிப் பொறுப்பில் இருந்தேன். பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளியான மே மாத வி.பி.எஸ். நெருங்கும்போதெல்லாம் அதே அறிவிப்புதான்: ‘ஊழியம் செய்ய விருப்பமுள்ளவர்கள் ஆராதனை முடிந்ததும் பெயர் கொடுக்கவும்.’ முடிந்ததும் எல்லாரும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு காத்திருக்கும்போது யார் நிற்பார்கள்?

பைபிளில் யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தை நானே பலமுறை பாடமாக எடுத்திருக்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை மோசே ஒருவரே எல்லா வழக்கையும் கேட்பதைப் பார்த்த மாமனார் எத்திரோ, ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கு அதிபதி என்று ஆட்களைப் பிரித்து வைக்கச் சொல்கிறார். நாங்கள் தேடியதோ எப்போதும் ஆயிரம் பேருக்கான ஆளை. நன்றாகப் பேச வேண்டும், பாட வேண்டும், முடிந்தால் கீபோர்டும் வாசிக்க வேண்டும். பத்துக் குழந்தைகளை வரிசையாகக் கை கழுவ வைக்கிற பெண் எங்கள் கண்ணிலேயே படவில்லை.

அப்புறம் ஒரு வருடம், பிளஸ் டூ முடித்த ஒரு தம்பியிடம் கடைசி நாள் பவனியை மட்டும் ஒப்படைத்தேன். அவன் இரண்டு சாயங்காலம் தெருத்தெருவாக நடந்து பார்த்துவிட்டு, பஜார் வழியை விட்டுக் கிணற்றுத் தெரு வழியாகப் போகலாம் என்று முடிவு செய்திருந்தான். அங்கே வேப்பமர நிழல் உண்டு. கோவிலுக்கு வர முடியாமல் படுத்திருக்கும் ஒரு பாட்டியின் வீடும் உண்டு. காகிதத் தொப்பியோடு பிள்ளைகள் வாசலில் நிற்கும்போதுதான் எனக்கு இது தெரிந்தது. “அதெல்லாம் வேண்டாம், வழக்கமான வழியிலேயே போவோம்” என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லி, அவன் கையிலிருந்த விசிலை வாங்கிக்கொண்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வாரம் கோவில் பக்கமே வரவில்லை.

வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனதும் கேட்டான்: “நீங்கதான அண்ணாச்சி பொறுப்புன்னு தந்தீங்க? அப்புறம் ஏன் பிடுங்குனீங்க?”

பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன், அது அவ்வளவு சுலபமாக வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த மே மாதம் பீரோ சாவி, பணம், பில் நோட்டு எல்லாம் அவனிடமும் இன்னும் நாலு பேரிடமும் போய்விட்டது. நான் பந்தலுக்குப் பின்னால் எலுமிச்சை பிழியும் வேலையில் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் கைவேலை நேரத்தில் பசை தீர்ந்துவிட்டது. என் பையில் இரண்டு டப்பா இருந்தது. எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டில் சோறு வாங்கிப் பிசைந்து ஒட்டினார்கள். கோணல்மாணலாக இருந்தாலும் ஒட்டியது.

எங்கள் ஊரில் யாரும் நிலையாக இருப்பதில்லை. படித்து முடித்ததும் சென்னை, கோயம்புத்தூர், இல்லாவிட்டால் வளைகுடா. அவனும் போனான். போகுமுன் நோட்டைக் கொடுத்தது, நான் சொல்லாமலே, அந்தக் கை கழுவ வைக்கிற பெண்ணிடம்.

போன மே மாதம் லீவில் வந்தவன் வேப்பமரத்தடியில் என் பக்கத்தில் நின்றான். அவள் பவனியைப் பள்ளிக்கூடத் தெருப் பக்கம் திருப்பினாள்.

“அண்ணாச்சி, அந்தப் பக்கம் வெயில்லா அடிக்கும்” என்று ஓரடி முன்னால் வைத்தான்.

“பேசாம நில்லுல” என்றேன்.