அரை மில்லிமீட்டர் சுகம்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, நீண்ட தூரம் ஓட்டும்போது முதுகுத்தண்டு வரை ஏறும் அதிர்வு தாங்காமல், என் சைக்கிளில் இருக்கையைத் தாங்கும் தண்டான அலுமினிய சீட்போஸ்ட்டைக் கழற்றிவிட்டுக் கார்பன் ஃபைபரில் செய்த ஒன்றைப் பொருத்தினேன். அதன் விலை பழையதைப் போல நான்கு மடங்கு. முதல் ஓட்டத்திலேயே சாலை பஞ்சாகிவிட்டதாகத் தோன்றியது. பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியும் வைத்தேன். அதே நாளில்தான் 25 மில்லிமீட்டர் டயர்களை எடுத்துவிட்டு 28 மில்லிமீட்டர் டயர்களைப் போட்டு, காற்றையும் குறைவாக அடித்திருந்தேன் என்பது மட்டும் என் கணக்கில் வரவேயில்லை. சில மாதங்கள் கழித்து, பிறகு சொல்லப்போகும் ஒரு காரணத்தால், பழைய அலுமினியத் தண்டையே மறுபடி பொருத்தி ஓட்ட நேர்ந்தது. சுகம் ஒரு துளியும் குறையவில்லை. அன்று மாலையே காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

சீட்போஸ்ட் என்பது ஒரு முனை சட்டகத்தில் இறுகப் பிடிக்கப்பட்டு, மறுமுனையில் நம் எடையைச் சுமக்கும் குழாய். அது செங்குத்தாக நிற்பதில்லை. பெரும்பாலான சைக்கிள்களில் தரையோடு ஏறக்குறைய 73 பாகை சாய்வில் நிற்கிறது. ஆகவே நம் எடையின் பெரும்பகுதி குழாயின் நீளவாக்கில் இறங்கிவிடுகிறது. குழாயைப் பின்னோக்கி வளைக்கும் வேலையைச் செய்வது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான விசைதான். 27.2 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் சுவர்த்தடிமனும் கொண்ட ஓர் அலுமினியக் குழாய் சட்டகத்துக்கு மேலே 20 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது என்றும், இருக்கையின் மீது 60 கிலோ எடை இறங்குகிறது என்றும் வைத்துக்கொண்டால், அதன் நுனி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் வளைகிறது. பள்ளத்தில் இறங்கி எடை இரட்டிப்பாகும் கணத்தில் ஒரு மில்லிமீட்டர். இதைவிட இருமடங்கு நெகிழும் தண்டை வாங்கினாலும் நமக்குக் கூடுதலாகக் கிடைப்பது இன்னோர் அரை மில்லிமீட்டர்தான். சரியான காற்றழுத்தத்தில் உள்ள டயரோ, நாம் ஏறி உட்கார்ந்தவுடனேயே சில மில்லிமீட்டர் அமுங்கிவிடுகிறது. நான் கார்பனுக்குச் சூட்டிய புகழ் முழுவதும் டயருக்குச் சேர வேண்டியது என்பது அந்தக் காகிதத்திலேயே தெரிந்துபோயிற்று.

ஆனால் 20 சென்டிமீட்டர் என்று நான் எடுத்துக்கொண்டது ஓர் உதாரணத்துக்காக. அந்த ஓர் எண்ணை மாற்றினால் கணக்கு முழுவதும் மாறிவிடும். வளைவு, வெளியே தெரியும் நீளத்தின் முப்படியைப் பொறுத்தது. 20 சென்டிமீட்டர் 10 சென்டிமீட்டராகக் குறைந்தால் வளைவு எட்டில் ஒரு பங்காகிவிடும். அப்போது குழாய் எந்தப் பொருளால் ஆனது என்ற கேள்விக்கே பொருளில்லை. விட்டமும் அப்படித்தான்: சுவர்த்தடிமன் ஒன்றாகவே இருக்க, 31.6 மில்லிமீட்டர் குழாய் 27.2 மில்லிமீட்டர் குழாயைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு விறைப்பானது. கைப்பிடிப் பக்கத்திலிருந்து இருக்கைப் பக்கம் வரும் மேல்குழாய் படுகிடையாக ஓடும் பழைய பாணிச் சட்டகத்தில் தண்டு கொஞ்சமே வெளியே தெரியும். மேல்குழாய் பின்னோக்கிச் சரியும் இன்றைய சட்டகத்தில் நிறையத் தெரியும். எனவே எந்தப் பொருள் நல்லது என்று என்னிடம் யாராவது கேட்டால், முதலில் ஓர் அளவுகோலை எடுத்து, தண்டை இறுக்கிப் பிடிக்கும் சட்டகத்தின் கிளாம்பிலிருந்து இருக்கையைப் பிடிக்கும் தலை வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து வரச் சொல்கிறேன். அகலமான துளை கொண்ட சட்டகத்தில் ஷிம் என்னும் மெல்லிய உறையைச் செருகி 27.2 தண்டைப் பொருத்தலாம். அது சில பத்து கிராம் எடையைக் கூட்டும். ஆனால் செலவைப் பார்த்தால் இதற்கு நிகரான வழி வேறில்லை.

உலோகங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டபோதுதான் எனக்கு உண்மையான வியப்பு காத்திருந்தது. எஃகு, டைட்டானியம், அலுமினியம் ஆகிய மூன்றின் மீள்தன்மைக் குணகங்கள், அதாவது பொருளின் விறைப்பைக் காட்டும் எண்கள், முறையே சுமார் 200, 110, 70 கிகாபாஸ்கல். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு முறையே சுமார் 7.8, 4.5, 2.7 கிராம். முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்தால் மூன்றுக்கும் விடை 24க்கும் 26க்கும் இடையில்தான் வருகிறது. ஒரே விட்டமுள்ள மெல்லிய குழாயில் விறைப்பும் எடையும் சுவர்த்தடிமனோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால், ஒரே விறைப்பு வேண்டுமென்றால் எந்த உலோகத்தில் செய்தாலும் குழாயின் எடை ஏறக்குறைய ஒன்றுதான். 2 மில்லிமீட்டர் அலுமினியச் சுவரும் 1.2 மில்லிமீட்டர் டைட்டானியச் சுவரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வளையும். 350 மில்லிமீட்டர் நீளக் குழாய்களாக எடுத்தால் இரண்டும் சுமார் 150 கிராம். அப்படியானால் டைட்டானியம் மென்மையானது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? வலிமையிலிருந்து வந்தது. மீண்டும் மீண்டும் வளைத்தால் அலுமினியம் சிறிது சிறிதாகக் களைத்து ஒருநாள் முறியக்கூடியது. ஆகவே அதன் சுவரைத் தாராளமான தடிமனில் வைத்தாக வேண்டும். டைட்டானியம் அந்தச் சோர்வை நன்றாகத் தாங்குவதால் சுவரை மெலிதாக்கும் உரிமை அதற்கு உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் தடித்த சுவரோடு செய்த டைட்டானியத் தண்டு அலுமினியத்தைவிட விறைப்பாகவே இருக்கும். அதை வாங்கியவர் பணம் கொடுத்தது பளபளப்புக்குத்தான். எஃகுக்கு வேறு சிக்கல்: இதே கணக்கில் அதன் சுவர் சுமார் 0.6 மில்லிமீட்டருக்கு இறங்க வேண்டும், அவ்வளவு மெல்லிய குழாயைக் கிளாம்ப் நசுக்கிவிடக்கூடும். தடிமனைக் கூட்டினால் எடை கூடுகிறது. பழுதில்லாமல் உழைக்க வேண்டும், எடை ஒரு பொருட்டில்லை என்பவர்களுக்கு மட்டும் எஃகு போதும்.

இந்தச் சமன்பாட்டுக்குள் அடங்காதது கார்பன் ஒன்றே. இழைகளை எந்தத் திசையில், எத்தனை அடுக்காகப் படியவைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, ஒரே எடையில் கம்பம்போல் விறைத்த தண்டையும் செய்யலாம், நாணல்போல் வளையும் தண்டையும் செய்யலாம். கார்பன் என்று எழுதியிருப்பதால் மட்டும் சுகம் வராது என்பதற்கும் இதுவே காரணம். பந்தயத்துக்கென்று செய்த கார்பன் தண்டு நல்ல அலுமினியத்தைவிடக் கடுமையாக இருக்கக்கூடும். கார்பன் தண்டை இரண்டு தகடுகளாகப் பிளந்து, வண்டிகளின் வில்பட்டைபோல் நெகிழச் செய்யும் எர்கான் நிறுவனத்தின் வடிவமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது; அங்கே சுகத்தைத் தருவது பொருளைவிட வடிவம்தான். சுருள்வில்லும் ரப்பர் திண்டும் வைத்த சஸ்பென்ஷன் தண்டுகள் சென்டிமீட்டர் கணக்கில் அசைந்து கொடுப்பவை. அவை வேறு இனம், எடையும் அதற்கேற்றபடி இருக்கும்.

எடையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சமையலறைத் தராசில் வைத்தபோது என் அலுமினியத் தண்டு 262 கிராம், கார்பன் 198 கிராம். இடையிலுள்ள 64 கிராம், தண்ணீர்ப் புட்டியிலிருந்து இரண்டு மூன்று மிடறு குடித்தால் தீர்ந்துவிடும். எடைக்காக மட்டும் தண்டை மாற்றுகிறவர்கள், இருக்கையைப் பிடிக்கும் தலைப்பகுதிக்கும் போல்ட்டுகளுக்கும் அந்த எடையில் கணிசமான பங்கு உண்டு என்பதையும் பார்த்துக்கொள்ளலாம்.

விலைச்சீட்டில் அச்சாகாத செலவுகள்தான் எனக்குப் பாடம் கற்பித்தவை. எஃகுச் சட்டகம் கொண்ட ஒரு பழைய சைக்கிளில் அலுமினியத் தண்டைக் கிரீஸ் தடவாமலே செருகி, ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டிருந்தேன். வியர்வையின் உப்பும் பின்சக்கரம் வாரியடித்த மழைநீரும் கிளாம்பின் பிளவு வழியே இறங்க, இரு உலோகங்களுக்கும் நடுவே மின்வேதி அரிப்பு தொடங்கிவிட்டது. அலுமினியம் அரித்து உண்டாகும் வெள்ளைப் பொடி, தான் தின்ற உலோகத்தைவிட அதிக இடம் பிடிப்பது. அதனால் தண்டு ஆப்பு அடித்ததுபோல் இறுகிப்போயிற்று. இரண்டு இரவுகள் எண்ணெய் ஊற்றிப் பார்த்தேன். எஃகைவிட அலுமினியம் குளிரில் ஏறக்குறைய இருமடங்கு சுருங்கும் என்பதை நம்பிப் பனிக்கட்டியையும் வைத்துப் பார்த்தேன். கடைசியில் தலையை அறுத்தெறிந்துவிட்டு, ரம்பத்தகட்டைத் துணியால் சுற்றிப் பிடித்து, குழாயின் உள்ளிருந்து நெடுக்காகக் கீறி, ஓலைச்சுருளைப் போல உட்புறமாக மடித்துத்தான் வெளியே எடுக்க முடிந்தது. ஒரு விரல் கிரீஸ் அன்றே தடவியிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு மிஞ்சியிருக்கும்.

கார்பனுக்கோ கிரீஸ் ஆகாது. கிரீஸ் தடவிய தண்டு வழுக்கி இறங்கும் என்று பயந்து மேலும் மேலும் இறுக்குவோம். அதற்கென்று நுண்மணல் கலந்த தனிப் பசை உண்டு. குறைந்த இறுக்கத்திலேயே பிடிமானம் தரும். போல்ட்டுக்குப் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் அளவே சொல்லப்பட்டிருக்கும், ஆகவே இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சும் செலவுக் கணக்கில் சேர்கிறது. முதலில் சொல்லாமல் விட்ட காரணம் இதுதான்: நான் சாதாரண அலன் கீயால், கை சொன்ன அளவுக்கு இறுக்கியிருந்தேன். ஒருநாள் துடைக்கும்போது, கிளாம்ப் கடித்த இடத்தில் தலைமுடி போன்ற கோடு ஒன்று விரல்நகத்தில் தட்டுப்பட்டது. அலுமினியம் வளைந்து எச்சரிப்பதும் உண்டு. விரிசல் கண்ட கார்பன் சொல்லாமல் முறியும். அன்றே அதை ஒதுக்கிவிட்டேன்.

இப்போது என்னிடம் இரண்டு சைக்கிள்கள் இருக்கின்றன. ஒன்றில் 12 சென்டிமீட்டர் தண்டுதான் வெளியே தெரிகிறது. அதில் அலுமினியம், அதுவும் இரண்டு போல்ட் வைத்து இருக்கையின் சாய்வை நுட்பமாகத் திருத்தக்கூடியது. வேறெதையும் அதில் பொருத்தும் எண்ணமில்லை. மற்றதில் 22 சென்டிமீட்டர் தெரிகிறது, அதாவது நீளத்தால் மட்டுமே ஆறு மடங்கு அதிக நெகிழ்வு. அதில் நெகிழ்வுக்கென்றே செய்த 27.2 கார்பன் தண்டு. அங்கே மட்டும், டயரையும் காற்றையும் மாற்றாமல் இந்தக் கார்பன் தண்டையும் அலுமினியத் தண்டையும் மாறிமாறிப் போட்டு ஓட்டியும், கரடுமுரடான தார்ச்சாலையின் ரீங்காரம் குறைவதை என்னால் உணர முடிகிறது. பள்ளத்தில் விழும் அடியை அது குறைப்பதில்லை.

ஒரு நண்பரின் சைக்கிள் 31.6 துளை கொண்டது; கார்பன் வாங்கலாமா என்று கேட்டு வந்தார். வரும் வாரம் அதில் ஷிம் செருகி என் பழைய 27.2 அலுமினியத் தண்டைப் போட்டுப் பார்க்கப்போகிறோம். அன்றைக்குக் காற்றடிக்கும் பம்பை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.