கீமோ ஏத்தினப்புறம் பத்தாவது நாள்தான் ஜாக்கிரதையா இருக்கணும் – அம்மாவோட அனுபவம்

அம்மாவுக்கு மார்புல புற்றுநோய்க் கட்டி, ஆபரேஷன் முடிஞ்சு கீமோ ஆரம்பிச்சாங்க. அட்ரியாமைசினும் சைக்ளோபாஸ்ஃபமைடும் 21 நாளைக்கு ஒரு தடவைன்னு 4 சைக்கிள், அதாவது 4 சுற்று, அதுக்கப்புறம் வாரா வாரம் பேக்லிடாக்சல். உயரம் எடை பார்த்து உடம்போட பரப்பளவு கணக்கு போட்டு, சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம் அட்ரியாமைசின், 600 மில்லிகிராம் சைக்ளோன்னு டோஸ் எழுதினாங்க.

அட்ரியாமைசின்தான் செகப்பு மருந்து, அத நர்ஸ் பக்கத்துலயே உக்காந்து மெதுவா ஏத்துவாங்க, ரத்தக்குழாய விட்டு வெளிய கசிஞ்சா சதையே வெந்துபோயிடும். அன்னிக்கே யூரின் செகப்பா போச்சு, ரத்தம்னு அம்மா பயந்துட்டாங்க, அது மருந்தோட கலர்தான். உண்மையில அந்த மருந்து பெரும்பாலும் கல்லீரல் வழியா பித்தத்துலதான் வெளியேறுது, அதனாலதான் ஒவ்வொரு தடவையும் கல்லீரல் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற பிலிருபின் அளவ ரத்தத்துல பார்க்குறாங்க. சைக்ளோ கதையே வேற, கல்லீரல் அத மாத்தினாதான் வேலையே செய்யும், மாத்தும்போது வர்ற ஒரு கழிவு மூத்திரப்பைய எரிக்கும், அதான் தண்ணி குடி தண்ணி குடின்னு உயிர எடுக்குறாங்க.

முதல் வாரம் வாந்தி, சோர்வு, வாயெல்லாம் கசப்பு. அப்புறம் அம்மா எழுந்து சமையக்கட்டுக்கே வந்துட்டாங்க, சொந்தக்காரங்களும் "நல்லாத்தானே இருக்கா"ன்னு பார்க்க கெளம்பி வந்துட்டாங்க. ஆனா கிருமியோட சண்டை போடுற வெள்ளையணு அடிமட்டத்துல இருக்குறதே அப்பதான். மருந்து பெரும்பாலும் சில நாள்லயே போயிடுது, ஆனா எலும்பு மஜ்ஜைல புதுசா உருவாக வேண்டியத அடிச்சுட்டுப் போயிடுது, ரத்தத்துல ஏற்கனவே இருந்ததெல்லாம் தீர்ந்ததும் பள்ளம் தெரியுது. ரெண்டாவது சைக்கிள்ல அப்படித்தான் ராத்திரி 100.4க்கு மேல காய்ச்சல். பாராசிட்டமால் போட்டு காலைல பார்க்கலாம்னு பெரியம்மா சொன்னாங்க, நாங்க கேக்கல, நேரா கேஷுவாலிட்டி. "கீமோ பேஷண்ட், பத்தாவது நாள்"னு சொன்னப்புறம்தான் ட்யூட்டி டாக்டர் நிமிர்ந்தே பார்த்தார். உடனே ரத்தம் எடுத்து ஆன்டிபயாடிக் ஏத்தி அட்மிட் பண்ணிட்டாங்க.

இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தாங்க, அட்ரியாமைசின் இதயத்த பாதிக்கலாம், அதனால அதுக்கு வாழ்நாள் முழுசுக்கும் சேர்த்து ஒரு லிமிட் இருக்கு.

பேக்லிடாக்சல்ல வாந்தி கம்மி. அத கரைக்க ஆமணக்கெண்ணெய்லேந்து செஞ்ச ஒரு திரவம் சேர்க்குறாங்க, அது அலர்ஜி கிளப்பும்னு முன்னாடியே ஸ்டீராய்டு. செல் பிரியறதுக்கு வேணுங்கற, செல்லுக்குள்ளயே இருக்குற நுண்குழாய்கள இந்த மருந்து அசையவிடாம பண்ணிடும், நீளமான நரம்புக்கு அதுதான் தண்டவாளம் மாதிரி, அதனால கால்விரல் நுனிலேந்து மரத்துப்போக ஆரம்பிச்சுது. அம்மாவால ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியல, வெளிய சொல்லாம என்னைய கூப்பிட்டு மாட்டிக்கிட்டாங்க. டாக்டர்கிட்ட நான்தான் சொன்னேன், டோஸ் குறைச்சாங்க. இந்த மரமரப்ப மட்டும் தாங்கிக்கலாம்னு விட்டுடாதீங்க, முத்திப்போனா எல்லாருக்கும் முழுசா சரியாகறதில்ல, அம்மா இப்பவும் வீட்டுக்குள்ள செருப்போடதான் நடக்குறாங்க.