‘ஒரு மாதிரியா இருக்கு மேம்’

மூன்று வருடங்களாகக் கல்லூரி முதலாமாண்டு மாணவர்களுக்கு மனப்பயிற்சி வகுப்பு எடுத்துவருகிறேன்: மூச்சைக் கவனிப்பது, உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது, எண்ணங்களை எழுதிப் பார்ப்பது. நான் உளவியல் படித்தவள் அல்ல; இயற்பியல் நடத்துபவள். மாணவர்களுக்கு வழிகாட்டும் மென்டர் வகுப்புக்கென்று வாரம் ஒரு மணி நேரம் உண்டு. அட்டென்டன்ஸ், ஃபீஸ் பாக்கி என்று பேசியே அது தீர்ந்துவிடும். அந்த நேரத்தைத்தான் இதற்கு எடுத்துக்கொண்டேன். இப்படி ஒன்றைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கும், தனியாகச் செய்து பார்க்க விரும்பும் மாணவர்களுக்கும் என் அனுபவம் கொஞ்சம் உதவலாம்.

முதல் வருடம் செமஸ்டர் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்னால் ஆரம்பித்தேன். அது தவறு. யூனிட் முடியவில்லையே என்று தவித்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் போய் மூச்சைக் கவனி என்றால், அதுவும் படித்து முடிக்க வேண்டிய இன்னொரு பாடமாகிவிடுகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 616 மாணவர்களை வைத்து நடத்தி, 2018-ல் வெளியிட்ட ஆய்வைப் பிறகுதான் படித்தேன். எட்டு வார மனப்பயிற்சியை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, பலனைத் தேர்வுக் காலத்தில் அளந்திருந்தார்கள். பயிற்சி எடுத்தவர்களுக்கு அந்த நாட்களில் மன உளைச்சல் குறைவாக இருந்தது. அடுத்த வருடம் கல்லூரி திறந்த மூன்றாம் வாரமே தொடங்கிவிட்டேன்.

தியானம் என்றதும் பாதிப் பேர் முகம் சுருங்கும். சாமி விஷயமோ என்று சிலருக்குத் தயக்கம், சிலருக்குக் கூச்சம். அதனால் நாடியில் தொடங்கினேன். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துத் துடிப்பைப் பிடிக்கச் சொல்வேன். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகும், விடும்போது மெதுவாகும். பின் பெஞ்சில் ஒரு பையன், “மேம், நிஜமாவே ஸ்லோ ஆகுது” என்று பக்கத்தில் இருந்தவன் கையைப் பிடித்துப் பார்த்தான். அதற்கப்புறம் யாரையும் நம்பவைக்க நான் மெனக்கெடவில்லை.

ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்ல வேண்டும். எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லாதீர்கள். ஒரு மாணவிக்குக் கண்ணை மூடிய இரண்டாம் நிமிடமே உடம்பு நடுங்க ஆரம்பித்துவிட்டது. மனதில் பழைய காயம் இருப்பவர்களுக்கு இப்படி நேரலாம். அன்றிலிருந்து, கண்ணைத் திறந்துகொண்டே உள்ளங்கால் தரையில் படுவதைக் கவனிக்கலாம், வேண்டாமென்றால் சும்மா உட்காரலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இனி, எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் விஷயம். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பிள்ளைகளிடம் மூன்று பதில்கள்தான்: டென்ஷன், மூட் அவுட், ‘ஒரு மாதிரியா இருக்கு’. இந்த ‘ஒரு மாதிரி’க்குள் என்ன இருக்கிறது என்று தேடுவதையே நான்காவது வாரப் பயிற்சியாக வைத்தேன். போர்டில் எழுதிக்கொண்டே போனோம்: பயம், எரிச்சல், ஏக்கம், அவமானம், பொறாமை, குற்ற உணர்வு, வீட்டு நினைப்பு, ஏமாற்றம். பத்து நிமிடத்தில் இருபது சொற்களுக்கு மேல் வந்தன. ஹாஸ்டல் மாணவி ஒருத்தி போர்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எனக்கு டென்ஷன் இல்ல மேம், எனக்குக் கூச்சம். இங்கிலீஷ்ல கேள்வி கேட்டா எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்களேன்னு” என்றாள். டென்ஷனுக்கு நான் என்ன செய்ய முடியும்? கூச்சத்துக்குச் செய்ய முடியும். மறுநாளிலிருந்து அவள் தமிழில் கேட்டாள், நான் தமிழிலேயே பதில் சொன்னேன்.

உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதால் என்ன ஆகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் மாத்யூ லீபர்மேன் குழுவினர் 2007-ல் மூளை ஸ்கேன் மூலம் பார்த்தார்கள். கோபமும் பயமும் தெரியும் முகப்படங்களைக் காட்டி, அது என்ன உணர்ச்சி என்று சொல்லால் குறிக்கச் செய்தபோது, பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியின் செயல்பாடு குறைந்தது. தாய்மொழிச் சொல் என்றால் அது இன்னும் எளிதாக வாயில் வருகிறது என்பது என் வகுப்பில் நான் கண்டது.

அடுத்தது நோட்டில் இரண்டு பத்தி. இடப்பக்கம் நடந்தது, வலப்பக்கம் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது. நிகழ்வையும் அதைப் பற்றிய எண்ணத்தையும் பிரித்துப் பார்க்கும் இந்த முறை அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் வழிவந்தது. அரியர் விழுந்த ஒருவன் இடப்பக்கம் ‘மேத்ஸ் 75-க்கு 26, பாஸுக்கு 30’ என்று எழுதினான். வலப்பக்கம் ‘நான் லாயக்கில்லாதவன், அப்பாவோட காசு வீண்’. எழுதிவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “நாலு மார்க்தான் மேம்” என்றான். அவன் வருத்தம் அதோடு போய்விடவில்லை. ஆனால் அந்த வாரமே மறுதேர்வுக்கு ஃபீஸ் கட்டினான்.

தனியாகச் செய்பவர்கள் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். காலேஜ் பஸ்ஸில் உட்கார்ந்தேகூடச் செய்யலாம். விட்டுப்போன நாளைக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

தூக்கமே வராமல் நாட்கள் போனாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ மூச்சுப் பயிற்சியை நம்பிக் காத்திருக்காதீர்கள். மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416; எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். ஆசிரியர்களிடமும் இதையே சொல்வேன்: நாம் சிகிச்சை தருபவர்கள் அல்ல. அப்படி ஒரு பிள்ளை வந்தால் கூடவே நின்று, நாமே போனைப் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்த எண் என் வகுப்பு போர்டின் வலது மூலையில் எப்போதும் இருக்கும். போர்டை அழிக்க வரும் பிள்ளைகள் அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டுத்தான் அழிக்கிறார்கள்.