தேய்ந்தே பிறந்த காசு

நேற்று ஒரு அரை டாலர் வெள்ளிக் காசு கைக்கு வந்தது. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் 150-ஆவது ஆண்டுக்காக 1926-இல் அடித்தது. 12.5 கிராம், 90 சதவீதம் வெள்ளி.

முதலில் ஏமாந்துவிட்டேன் என்றே நினைத்தேன். வாஷிங்டன் முகம் கல்லில் வைத்துத் தேய்த்ததுபோல் மொழுக்கென்று இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, புழங்கித் தேய்ந்ததல்ல. அச்சிலேயே உருவத்தை அவ்வளவு தாழ்வாக வெட்டியிருக்கிறார்கள். பின்பக்கம் பிலடெல்பியாவில் இருக்கும், விரிசல் விட்ட அந்தப் புகழ்பெற்ற சுதந்திர மணி. வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால்தான் விரிசல் கண்ணுக்குப் படுகிறது.

வாஷிங்டனை ஒட்டி இன்னொரு முகம், அன்றைய அதிபர் கூலிட்ஜ். உயிரோடு இருக்கும்போதே நாட்டின் நாணயத்தில் இடம்பிடித்த முதல் அமெரிக்க அதிபர் அவர்தான். அதிகம் பேசாதவர் என்று பெயரெடுத்த மனிதர், இதில் மட்டும் முந்திக்கொண்டார்!

அந்த 150-ஆவது ஆண்டையொட்டி பிலடெல்பியாவில் நடந்த பொருட்காட்சியில் இந்த அரை டாலரை ஒரு டாலருக்கு விற்றார்கள். அந்த வருஷம் மழை பொருட்காட்சியையே கெடுத்தது; காசும் போணியாகவில்லை. 10 லட்சத்துக்குச் சற்று மேல் அடித்ததில் 8.5 லட்சத்துக்கும் அதிகமானவை திரும்ப உருக்கப்போயின.

தப்பித்த ஒன்று என் மேசையில் கிடக்கிறது. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கூலிட்ஜின் காதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.