எத்திக்ஸ் கமிட்டியும் சி.டி.ஆர்.ஐ. எண்ணும்: என் தீசிஸ் ப்ரோட்டோகால் அனுபவம்

ஒருவழியாக என் தீசிஸ் ப்ரோட்டோகாலுக்கு, அதாவது ஆய்வை எப்படிச் செய்யப்போகிறேன் என்ற திட்டத்துக்கு, அனுமதி வந்துவிட்டது. அடுத்து எழுதப்போகும் பி.ஜி.க்கள் (முதுநிலை மருத்துவ மாணவர்கள்) என்னைப்போல் அலையக் கூடாது என்பதால் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையைத் தினமும் கொடுப்பதா, ஒருநாள் விட்டு ஒருநாளா என்பதுதான் ஆய்வு. தினமும் கொடுத்தால் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, மறுநாள் மாத்திரையைக் குடல் உறிஞ்சுவது குறைகிறது. முன்னுரை, நோக்கம், சேர்க்கை விதிகளில் கைடு பெரிதாகத் திருத்தவில்லை.

சாம்பிள் சைஸ், அதாவது எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதுதான் முதல் முட்டுக்கட்டை. "சும்மா முப்பது முப்பதுன்னு போடு, யாரும் கேட்கமாட்டாங்க" என்றார் ஒரு சீனியர். கேட்கிறார்கள். ஸ்டாட்டிஸ்டிஷியனின் முதல் கேள்வியே, "எந்தப் பேப்பர்ல இருந்து எஸ்.டி. எடுத்தீங்க டாக்டர்?" என்பதுதான். ஹீமோகுளோபின் எஸ்.டி. (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற எண்) 1.2, இரு பிரிவுக்கும் இடையே எதிர்பார்க்கும் வித்தியாசம் 0.6 என்றால் 80 சதவீத பவருக்கு (அந்த வித்தியாசம் உண்மையில் இருந்தால் ஆய்வு அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) பிரிவுக்கு 63 பேர், வித்தியாசத்தை 0.3 ஆக்கினால் 251 பேர்! எந்த வித்தியாசம் தாய்க்கு உண்மையில் பயன்படும் என்று கைடிடம் உட்கார்ந்து பேசி, அந்தக் காரணத்தையும் எழுதினேன். 0.6 என்றே முடிவானது; பாதியில் விலகுவோரையும் கணக்கிட்டுப் பிரிவுக்கு 70.

அலைக்கழித்தது, ஆய்வு நோயாளிகளுக்குப் பாதுகாப்பானதா, நியாயமானதா என்று பார்த்து அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியின் அலுவலகம். கிளார்க் ஃபைலைப் பிரிக்கக்கூட இல்லை. "சி.டி.ஆர்.ஐ. நம்பர் எங்க மேடம்? அது இல்லாம வாங்க முடியாது." சி.டி.ஆர்.ஐ. என்பது மருத்துவ ஆய்வுகளைப் பதிவுசெய்யும் இந்தியப் பதிவேடு. அதுவோ கமிட்டியின் அனுமதிக் கடிதம் இருந்தால்தான் எண்ணே தரும். எவ்வளவு சொல்லியும் அவர் அசையவில்லை. அந்த மாதக் கூட்டம் கைவிட்டுப் போனது. நினைத்தால் இன்னும் எரிகிறது.

வழி இருக்கிறது. கமிட்டி அனுமதி நிலுவையில் என்று குறிப்பிட்டு சி.டி.ஆர்.ஐ.யில் விண்ணப்பித்துவிடுங்கள், உடனே ஒரு ரெஃப் எண் (விண்ணப்பத்துக்கான குறிப்பு எண்) கிடைக்கும். அதை பிரின்ட் எடுத்து, நிலைமையை விளக்கி கமிட்டியின் மெம்பர் செக்ரட்டரிக்கே கடிதம் எழுதினேன். படித்த கையோடு "வாங்கிக்கொள்ளவும்" என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதே கவுன்டரில் அதே ஃபைலுக்கு சீல் விழுந்தபோது வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

கூட்டத்தில் புள்ளிவிவரத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. மருத்துவத் துறை சாராத உறுப்பினர் ஒருவர் தமிழ் ஒப்புதல் படிவத்தை வரிவரியாகப் படித்துவிட்டு, "எட்டாவது வாரம் ரத்தம் கொடுக்கன்னே வரணும்ல, அந்தப் பொண்ணுக்கு பஸ் காசு யாரும்மா தருவா?" என்றார். அன்று எழுந்த கேள்விகளிலேயே நல்ல கேள்வி அதுதான். அந்த ரத்தப் பரிசோதனையை வழக்கமான செக்கப் நாளோடு சேர்த்து, தனியாக வர நேர்ந்தால் பயணச் செலவை ஆய்வாளரே தருவார் என்று சேர்த்தோம். ஹீமோகுளோபின் இறங்கினால் எந்த அளவில் ஆய்விலிருந்து விலக்கி ஊசி வழி இரும்புச்சத்துக்கு மாற்றுவீர்கள் என்றும் கேட்டார்கள். இதை முன்கூட்டியே எண்ணோடு எழுதி வைத்திருந்தது கைகொடுத்தது.

கடிதம் கிடைத்ததும் ஓபியில் ஆள் சேர்க்கத் தொடங்கிவிடாதீர்கள். 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவாகும் ஆய்வுகளை மட்டும்தான் சி.டி.ஆர்.ஐ. ஏற்கிறது. ரெஃப் எண் பதிவு எண் ஆகாது. ஒப்புதல் படிவத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கட்டும். கமிட்டி அனுமதித்த பதிப்பையே ஜெராக்ஸ் எடுங்கள்.