அவிநாசியில் ஒரு அர்ச்சனை

வேண்டுதல் என்னுடையது அல்ல, அத்தையுடையது. பையன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, "எம்பேரன் எந்திரிச்சு நடந்தா கூட்டிட்டு வந்து நெய் விளக்கு போடறேன்" என்று அவிநாசியப்பனிடம் முடிந்து வைத்தார். அவன் எழுந்திருக்கவில்லை. எட்டு வயது. நாலு வருஷம் ஓடிவிட்டது.

போன மாதம் திடீரென்று, "விளக்கு பாக்கி கிடக்குது, போயிட்டு வந்துரலாம் கண்ணு" என்றார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. கேட்டதைத் தராதவருக்கு என்ன கடன்? "குடுத்தாரா இல்லையாங்கறது அவரு கணக்கு. சொன்னது நான்" என்று சொல்லிவிட்டுப் பையில் நெய்யை எடுத்து வைத்துக்கொண்டார். எழுபத்தெட்டு வயதுக்காரரிடம் என்ன வாதாடுவது?

பிரதோஷமும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்த நாளில் போனது எங்கள் தப்பு. வண்டியை நிறுத்தவே அரைமணி நேரம். கோபுர வாசலுக்குள் காலெடுத்து வைப்பதற்குள் ஒருவர் வழிமறித்து, "புத்திர தோஷமாம்மா? பரிகாரம் நான் பண்ணித் தர்றேன்" என்றார். முகத்தைப் பார்த்தே சொல்கிறார்களா, எல்லோரிடமும் இதையேதான் சொல்கிறார்களா தெரியவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அத்தைதான், "மொதல்ல தள்ளி நின்னு பேசுங்க" என்று ஒரு அதட்டல் போட்டு என்னை உள்ளே இழுத்துப் போனார்.

இந்தத் தலத்துக் கதைதான் உங்களுக்குத் தெரியுமே. அந்த நாளில் ஊர்ப் பெயர் திருப்புக்கொளியூர். முதலை விழுங்கிய அந்தணப் பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட ஊர். முதலையும் பிள்ளையுமாகச் செதுக்கிய கல்லைப் பார்க்கவே கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். பிள்ளையைத் திருப்பி வாங்கிய தாயின் ஊருக்கு, வாங்காத தாய் எதற்குப் போக வேண்டும்? இவ்வளவு நாள் நான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காததற்குக் காரணமே அதுதான்.

சன்னதியில் நெரிசல். பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், முன்னால் நகர இடமில்லை. குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு பேர், நட்சத்திரம் கேட்டார். வீட்டுக்காரர் பேர் சொன்னேன், என் பேர் சொன்னேன், அத்தை பேர் சொன்னேன். வாய் நிற்கவில்லை. பழக்க தோஷம், நாலாவது பேரும் வந்துவிட்டது. "ரோகிணி நட்சத்திரம்."

குருக்களுக்கு என்ன தெரியும்? நாலு பேரையும் சேர்த்து "க்ஷேம, ஸ்தைர்ய, ஆயுராரோக்ய" என்று சொல்லிக்கொண்டே போகிறார். ஆயுள் என்ற சொல் காதில் விழுந்ததும் உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. தடுக்கலாமா என்று இவரைப் பார்த்தேன். கண்ணை மூடிக் கை கூப்பி நிற்கிறார், கன்னத்தில் நீர் ஓடுகிறது. அத்தை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, "சொல்லட்டும் விடு" என்றார்.

நாலு வருஷமாக அந்தப் பேரை வெளியில் எங்கேயும் யாரும் சொன்னதில்லை. சொந்தக்காரர்கள் எங்கள் மனம் நோகுமென்று சொல்ல மாட்டார்கள், நாங்களும் சொல்ல மாட்டோம். சுவாமிக்கு முன்னால், அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், சத்தமாக, நட்சத்திரத்தோடு சொல்லிக் கேட்டேன். தீபாராதனையில் லிங்கம் தெரிந்ததா என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் இருந்தது.

அவிநாசியப்பா, உன்மேல் எனக்கு வருத்தம் இன்னும் இருக்கிறது. ஆனால் என் பிள்ளை பேரை உன் காதில் போட வைத்தாயே, அதற்குக் கோடி நமஸ்காரம். கருணாம்பிகைத் தாயே, உன்னிடம் வந்தபோது எதுவுமே கேட்கத் தோன்றவில்லை, நின்று அழுதேன், அதையும் பொறுத்துக்கொண்டாய்.

வெளியே மண்டபத்தில் ஒரு பெரியவர், பிள்ளையை மீட்கச் சுந்தரர் பாடிய "எற்றான் மறக்கேன்" பதிகத்தை மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தார். "கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே" என்ற வரி வந்ததும் அத்தை அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பெரியபுராணத்திலிருந்து ஒன்று சொன்னார். மகனைப் பறிகொடுத்த அந்தப் பெற்றோர் சுந்தரரைக் கும்பிட வரும்போது முகமலர்ந்துதான் வந்தார்களாம். பிள்ளையை இழந்தது நீங்கள்தானா என்று அவரே கேட்டதற்கும், "முன்பு புகுந்து போனது அது" என்றுதான் சொன்னார்களாம். பிள்ளையைக் கொடு என்று கேட்கவே இல்லை. அதெப்படி முடிந்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. எனக்கு முடியாது.

சுந்தரர் கோயிலையும் பார்க்கலாமென்று தாமரைக்குளக் கரைக்குப் போனோம். அங்கே கூட்டமில்லை. முதலை விழுங்கும்போது அந்தப் பிள்ளைக்கு ஐந்து வயது. முதலை திருப்பிக் கொடுத்தபோது, இடையில் போன வருஷங்களின் வளர்ச்சியோடு கொடுத்ததாம். கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான், கேட்கவே முடியாத இடமும் அதுதான். கடையில் பையன்கள் சட்டையைப் பார்த்தால் இந்த வருஷம் எந்த அளவு சரியாக இருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போடுவேன். யாரிடமும் சொன்னதில்லை.

கரையில் நின்று இவர் தண்ணீர்ப் பக்கம் பார்த்தபடி கேட்டார். "இப்ப எவ்வளவு உசரம் இருப்பான்?"

என் தோளுக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்துக் காட்டினேன்.

"அவ்வளவுதானா?" என்றார் அத்தை. "அவங்க தாத்தா வாகு அவனுக்கு." என் கையைப் பிடித்து இன்னும் நாலு விரற்கடை மேலே தூக்கி வைத்தார்.